மேஜிக் அரீனாவா, மேஜிக் ஆன்லைனா? வெளியே வரும்போது கையில் என்ன மிஞ்சும்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தைக் கணினியில் தொடங்க அதிகாரப்பூர்வமாக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 2002-இல் வந்த மேஜிக் ஆன்லைன், இன்னொன்று 2019-இல் முழுமையாக வெளியான மேஜிக் அரீனா. இரண்டிலும் ஆடிப் பார்த்துவிட்டு நான் மேஜிக் ஆன்லைனில் தங்கிவிட்டேன். புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் அரீனாவைத்தான் கைகாட்டுவார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது: இலவசம், போனிலும் ஓடும், விதிகளைச் சொல்லித் தரும் பயிற்சி ஆட்டம் உண்டு, தொடக்கத்திலேயே சில டெக்குகளும் (ஆடுவதற்கான கார்டுக் கட்டுகள்) கிடைக்கும். மேஜிக் ஆன்லைன் விண்டோஸ் கணினிக்கானது. முழுக் கணக்குக்குக் கட்டணம் உண்டு. திரையும் பழைய அலுவலக மென்பொருள் மாதிரி இருக்கும்.

சரி, அப்புறம் ஏன் அது? கார்டை விற்க முடிகிறது, அதனால்தான்.

அரீனாவில் கணக்குக்குள் வந்த கார்டு அங்கேயே கிடக்கும். விற்க முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. குறிப்பிட்ட ஒரு ரேர் (அரிய) கார்டு வேண்டுமென்றால், எந்த ரேராகவும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு ரேர் வைல்ட்கார்டைச் செலவழிக்க வேண்டும். பேக்குக்குள் (மூடிய கார்டுப் பொட்டலம்) அதிர்ஷ்டவசமாக வைல்ட்கார்டு வருவதை விட்டுவிட்டால், ஆறு பேக் பிரித்தால்தான் ஒன்று உறுதி. ஒரே ரேரில் நான்கு பிரதி வேண்டுமா? 24 பேக். பேக் ஒன்றுக்கு 1000 தங்கம் (ஆட்டத்துக்குள் சேர்க்கும் காசு), தினசரிப் பணி ஒன்றுக்குக் கிடைப்பதோ 500 அல்லது 750. இதைவிட என்னை உறுத்தியது வேறு: எல்லாரும் தேடுகிற ரேருக்கும், யாருமே சீண்டாத ரேருக்கும் அதே ஒரு வைல்ட்கார்டுதான். ஒரு விநோதமான டெக்கைச் சும்மா முயன்று பார்க்கலாம் என்றால் கை வராது.

மேஜிக் ஆன்லைனில் தேவைதான் விலையை வைக்கிறது. அங்கே பணம் என்றால் டிக்ஸ் எனப்படும் ஈவென்ட் டிக்கெட், கடையில் ஒன்று ஒரு டாலர். கார்டு விற்கிற பாட் கணக்குகள் (ஆளில்லாமல் தானாக இயங்குபவை) எந்நேரமும் திறந்திருக்கும். டிரேடு ஜன்னலைத் திறந்து வேண்டியதை எடுத்தால், பாட் உங்களிடமிருந்து டிக்கெட்டை எடுத்துக்கொள்ளும். முழு டிக்கெட்டுக்குக் குறைவான சில்லறை அந்த பாட்டிடம் உங்கள் பெயரில் வரவாக நிற்கும். யாரும் தேடாத ஒரு ரேரின் நான்கு பிரதிகளையும் சில சென்ட்டுக்கு வாங்கிவிடலாம். டெக் பிடிக்கவில்லையா, திருப்பி விற்று அடுத்ததற்குப் போகலாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கும், முழுப் பணமும் திரும்பாது. ஆனாலும் கணிசமான பகுதி திரும்புகிறது.

அரீனா பக்கம் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ஒரு கார்டு தடைசெய்யப்பட்டால் அங்கே வழக்கமாக ஈடாக வைல்ட்கார்டு தருவார்கள். மேஜிக் ஆன்லைனில் விலை சட்டென்று சரியும், நட்டம் உங்களுடையது. அதனால் விலையேறிய கார்டுகளில் மொத்தப் பணத்தையும் போடாதீர்கள். மாதக் கட்டணத்துக்கு டெக்கை வாடகைக்குத் தரும் சேவைகளும் உண்டு. நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அடிக்கடி டெக் மாற்றுபவர்களுக்கு ஒத்துவரும் என்றே நினைக்கிறேன்.

பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். F2 அழுத்தினால் ஒரு படி நகரும். F6 அழுத்தினால் அந்த டர்ன் முடியும்வரை உங்கள் பதிலடி வாய்ப்புகளைத் தானாகவே தாண்டிப் போகும், எதிராளி நடுவில் ஏதாவது செய்தாலும் பதிலடி கொடுக்க முடியாமல் போகும். சதுரங்கம் போல ஒவ்வொருவருக்கும் தனிக் கடிகாரம் ஓடும். நேரம் தீர்ந்தால் மேட்ச் போச்சு. ஆகவே பரிசில்லாத ஆட்டங்களில் விரலைப் பழக்கிக்கொண்டு பிறகு போட்டிக்குப் போங்கள்.

காசே போடப் போவதில்லை, அண்மைய கார்டுகளால் ஆடும் ஸ்டாண்டர்டும், பேக் பிரித்து அங்கேயே டெக் கட்டும் டிராஃப்டும் போனில் ஆடினால் போதும் என்றால் அரீனாவே சரி. பழைய கார்டுகளும் ஆடக்கூடிய மாடர்ன், லெகஸி, நால்வர் ஆடும் கமாண்டர் ஆகிய ஆட்ட வகைகள் மேல் ஆசை இருந்தால் மேஜிக் ஆன்லைனுக்கு வாருங்கள். முதல் டெக்காகக் காமன் (எளிதில் கிடைக்கும்) கார்டுகள் மட்டுமே அனுமதிக்கப்படும் பாப்பர் டெக் ஒன்றை எடுங்கள். அதிலும் சில காமன்கள் விலை கூடியவை, வாங்குமுன் பட்டியலின் மொத்த விலையைப் பார்த்துவிடுங்கள்.