எங்கள் ஊர்ப் பள்ளியின் சாரணர் படை: ஒரு தாயின் மதிப்பீடு

என் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு ஜூலை மாதம் பள்ளியின் சாரணர் படையில் பெயர் கொடுத்தான். இப்போது எட்டாம் வகுப்பை முடிக்கப் போகிறான். இந்த மூன்று கல்வியாண்டுகளில் அந்தப் படை எப்படி நடக்கிறது, பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அது எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புப் பெற்றோர் நான்கைந்து பேராவது என்னிடம் "சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். சேர்க்கலாம் என்பதே என் பதில். ஆனால் உங்கள் பிள்ளைக்காக எதையும் நீங்கள் செய்துகொடுக்க முடியாத ஓர் இடம் இது என்பதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் கீழ்ப் பதிவுபெற்ற படை. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஏறக்குறைய 20 சிறுவர்களை வைத்து நடத்திய பாசறையிலிருந்து வளர்ந்த முறையைத்தான் இங்கும் பின்பற்றுகிறார்கள். இந்தியாவில் பல பெயர்களில் இயங்கிவந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாக இணைந்தன. அந்த நாளை எங்கள் படை ஆண்டுதோறும் கொடியேற்றிக் கொண்டாடுகிறது. பேடன் பவலின் பிறந்த நாளான பிப்ரவரி 22 சிந்தனை நாள். இந்த இரண்டு நாட்களிலும் ஒரு பையன்கூட விடுப்பு எடுப்பதில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் குருளையர் பிரிவு தனியாக இருக்கிறது. பத்து வயது நிறைந்தவர்கள்தாம் சாரணர் படைக்கு வர முடியும்.

கூட்டம் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியும். கொடிமரத்தின் முன் பிள்ளைகள் குதிரை லாட வடிவில் நிற்பார்கள். கொடியேற்றம், இறைவணக்கப் பாடல் ஆகியவற்றுக்குப் பிறகு அணிவாரியான பார்வையிடல் நடக்கும். சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, கழுத்தில் படையின் நிறத்தில் ஸ்கார்ப், அதை இறுக்கிப் பிடிக்கும் வோகிள் என்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நகமும் தலைமுடியும் ஷூவும் பார்க்கப்படும். இதையெல்லாம் பார்ப்பவர் ஆசிரியர் அல்லர், அணித்தலைவனாக இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் தன் அணியைப் பார்த்து முடித்த பிறகே சாரண ஆசிரியர் வரிசையைச் சுற்றி வருவார். ஒரு பையனின் நகம் வளர்ந்திருந்தால் அவர் அந்தப் பையனை ஒன்றும் கேட்பதில்லை, அணித்தலைவனைத்தான் கேட்பார். முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. ஆறு மாதங்கள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அந்த அணித்தலைவன் என் மகனை அழைத்து, "தம்பி, நாளைக்கு நகம் வெட்டிட்டு வந்துடு" என்று சொன்னபோதுதான் அந்த முறையின் பொருள் எனக்குப் புரிந்தது.

இந்தப் படையின் உயிரே அணி முறைதான். 22 பையன்கள் மூன்று அணிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரை இருப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலங்கின் பெயர், ஒரு கொடி, ஒரு முழக்கம், அரசமரத்தடியில் சொந்தமாக ஒரு மூலை உண்டு. மாதம் ஒருமுறை அணித்தலைவர்கள் ஆசிரியருடன் அமர்ந்து அடுத்த மாத நிகழ்ச்சிகளை முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஆசிரியர் பேசுவது மிகக் குறைவு. மழைக்காலத்தில் நடைப்பயணம் வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் பையன்கள் போக வேண்டும் என்று முடிவெடுத்தபோது, நனைந்தால் மாற்றுத்துணி யார் எடுத்துவருவது, ஓடையில் தண்ணீர் ஏறினால் எந்த வழியாகத் திரும்புவது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டாராம். அவர்களே யோசித்து வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுக்கிறோம் என்று சொல்லும் பள்ளிகள் பல உண்டு. கொடுத்த பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கக்கூடிய ஆசிரியரை நான் இங்கேதான் பார்த்தேன். அவர் கணக்கு ஆசிரியர், சாரணப் பணிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. அடிப்படைப் பயிற்சி, முன்னேற்றப் பயிற்சி இரண்டையும் முடித்து, மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் உள்ள தேசியப் பயிற்சி மையம் வரை சென்று, சாரண ஆசிரியர்களுக்கான உயர் பயிற்சித் தகுதியான இமாலய வுட் பேட்ஜ் பெற்றவர். சீருடையில் இருக்கும் நாட்களில் அதன் அடையாளமாகக் கழுத்துத் தோல்வாரில் இரண்டு மரமணிகள் தொங்கும்.

முடிச்சுப் பயிற்சி நடந்த ஒரு சனிக்கிழமையை மறக்க முடியவில்லை. என் மகனுக்கு அன்று குளோவ் ஹிட்ச் சோதனை. மூங்கில் கழியில் கயிற்றைச் சுற்றி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஆசிரியர் கழியை இரண்டு உலுக்கு உலுக்கினார், கயிறு வழுக்கிக் கீழே இறங்கியது. "மறுபடி" என்றார். அவன் மறுபடியும் கட்டினான், மறுபடியும் வழுக்கியது. மூன்றாவது முறை அவன் கண்கள் கலங்கிவிட்டன. என்னை அறியாமல் நான் இரண்டடி முன்னே போய்விட்டேன். ஆசிரியர் திரும்பாமலேயே, "இருங்க அம்மா, அவனே கட்டட்டும்" என்றார். இரண்டாவது சுற்று முதல் சுற்றின் மேலேறிக் குறுக்காகப் போக வேண்டும் என்பதை அணித்தலைவன் தன் கழியில் மெதுவாகக் கட்டிக் காட்டினான், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது முறை உலுக்கியபோது கயிறு நின்றது. அன்று மாலை எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, கொடிக்கம்பம், என் தையல் இயந்திரத்தின் கால் என எல்லாவற்றிலும் குளோவ் ஹிட்ச் தொங்கியது.

பாசறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். வசதி மிகக் குறைவு. கூடாரத்தில் தரைவிரிப்பு மட்டும்தான், கழிவறை பள்ளிக் கட்டடத்தில் இருக்கும், இரவில் கொசு கடிக்கும். செருப்பு வைக்கும் தட்டியையும் தட்டு காயவைக்கும் சட்டத்தையும் பையன்களே மூங்கிலும் கயிறும் கொண்டு, ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டிக்கொள்கிறார்கள். சமையல் அணிவாரியாக விறகடுப்பில் நடக்கும். முதல் பாசறையின் முதல் காலையில் என் மகனின் அணி செய்த வெண்பொங்கல் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பக்கத்து அணியின் பொங்கல் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆசிரியர் கருகிய பொங்கல் இருந்த அணியின் நடுவில் தட்டோடு வந்து அமர்ந்து, முகம் சுளிக்காமல் முழுவதையும் சாப்பிட்டார். எழுந்து போகும்போது, நாளைக் காலை அடுப்பை யார் பார்ப்பது என்பதை இப்போதே முடிவு செய்யும்படி மட்டும் சொன்னார். இதை என் மகன் என்னிடம் குறைந்தது பத்து முறையாவது சொல்லியிருப்பான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பொங்கல் அவன் பொறுப்பு.

அதே பாசறைக்கு, பிள்ளை என்ன சாப்பிட்டானோ என்ற கவலையில் டிபன் கேரியருடன் வந்த ஒரு தந்தையை வாயிற்கதவருகிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வருத்தப்பட்டது நியாயம்தான். ஆனாலும் படை செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு பையனுக்கு வீட்டுச் சாப்பாடு வந்துவிட்டால் அந்த அணியின் அடுப்பு அத்துடன் அணைந்துவிடும். பெற்றோரிடம் இந்தப் படை கேட்பது மூன்றே காரியங்கள்: நேரத்துக்கு அனுப்புவது, நேரத்துக்கு அழைத்துக்கொள்வது, நடுவில் வராமல் இருப்பது. காலை 8 மணிக் கூட்டத்துக்கு 8.05க்கு வந்த பையன், கொடியேற்றம் முடியும் வரை வாசலிலேயே நிற்கிறான். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குக் காரணம் சொல்லாமல் வராவிட்டால் அணித்தலைவன் வீட்டுக்கே வந்து விசாரிப்பான். கட்டணம் பெரிதில்லை. சீருடைத் துணி, தையல்கூலி, பெல்ட், தொப்பி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய் ஆயிற்று. வாங்க முடியாத பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற சீருடைகளை அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தோம் என்பதை வெளியில் சொல்வதில்லை.

விருதுக்காக மட்டும் சேர்க்க நினைப்பவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று படிப்படியாக ஏறி, அதன்பின் ஆளுநர் விருது எனப்படும் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது என்று இது நீள்கிறது. ஒவ்வொரு படியிலும் குறைந்தது இத்தனை மாதங்கள் பணி செய்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து அவசரமாக முடித்துவிட வழியில்லை. ரயில்வேயில் சாரணர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதை மனத்தில் வைத்து வந்த பையன்கள் இரண்டாம் ஆண்டைத் தாண்டவில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சில குறைகள் என்னை உண்மையிலேயே வருத்தின. முதலாவது, விழாப் பணி. எங்கள் ஊரில் எந்தப் பொது விழா என்றாலும் சாரணர்களை வரிசையில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. சேவை என்பது சாரணர் உறுதிமொழியின் ஒரு பகுதி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றுப் படித்துறையில் என் மகனும் அவன் அணியும் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதையும், கூட்டத்தில் தவறிப்போன ஒரு சிறுமியைப் பெயர் கேட்டு, அழுகை நிறுத்தி, பாட்டியிடம் சேர்த்ததையும் நான் நேரில் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் கடந்த ஆண்டு ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் வருகைக்காக இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்ற பையன்களில் ஒருவன் மயங்கி விழுந்தான். அது சேவை இல்லை, அலங்காரம். அழைப்பு எங்கிருந்து வந்தாலும் அதை மறுத்துச் சொல்லும் துணிவு படையை நடத்துபவர்களுக்கு வேண்டும்.

இரண்டாவது, பதிவேடு. களத்தில் இவ்வளவு நேர்த்தியாக இயங்கும் படை தாள் வேலையில் தளர்ந்துவிடுகிறது. என் மகன் துவிதிய சோபான் சோதனைக்கு வேண்டிய அனைத்தையும் முடித்திருந்தும், அவன் முன்னேற்ற அட்டையில் தேதிகள் உரிய காலத்தில் எழுதப்படாததால் அந்த முறை அனுப்பிய பட்டியலில் அவன் பெயர் இடம்பெறவில்லை, அதனால் நான்கு மாதங்கள் வீணாயின. ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஒருவரே வகுப்பும் எடுத்து, படையும் நடத்தி, பதிவேடும் எழுதுவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. உதவிச் சாரண ஆசிரியர் ஒருவரைப் பள்ளி நியமித்தால் இது தீரும். அதுவரை பிள்ளையின் அட்டையை மாதம் ஒருமுறை நீங்களே பார்த்து, கையொப்பம் விடுபட்டிருந்தால் அவனையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது குறை பெண் குழந்தைகளைப் பற்றியது. சாரணியர் படைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த ஆசிரியை ஓய்வுபெற்றுச் சென்ற பின் வேறு யாரும் பயிற்சிக்கு முன்வரவில்லை, படை நின்றுபோனது. என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள், அண்ணன் கட்டிய முடிச்சுகளையெல்லாம் அவளும் கட்டுவாள். அவள் ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் யாராவது ஓர் ஆசிரியை அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் சிலர் எழுதினால் காரியம் நடக்கும்.

2025 ஜனவரி இறுதியில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்த, சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி என்ற பெரிய பாசறைக்கு எங்கள் படையிலிருந்து மூத்த பையன்கள் சிலர் சென்றுவந்தார்கள். நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்களோடு ஸ்கார்ப் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த சனிக்கிழமை அவற்றை மரத்தடியில் விரித்து வைத்து இளையவர்களுக்குக் கதை சொன்னார்கள். என் மகன் அன்று வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான், நான் கோபித்துக்கொள்ளவில்லை.

புதிய சேர்க்கை ஜூன் மாத இறுதியில் தொடங்குகிறது. விண்ணப்பத்தைப் பள்ளி அலுவலகத்தில் கேட்க வேண்டாம், சனிக்கிழமை 8 மணிக்கு முன்பு பிள்ளையை நேராக அரசமரத்தடிக்கு அனுப்புங்கள், அங்கே ஓர் அணித்தலைவன் பெயரை எழுதிக்கொள்வான். முதல் மூன்று மாதங்களுக்குச் சீருடை தேவையில்லை, பள்ளி உடையே போதும். ஒரு நோட்டுப் புத்தகம், தண்ணீர் பாட்டில், மூன்று மீட்டர் கயிறு ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். கயிறு பருத்தியாக இருக்கட்டும். நைலான் கயிற்றில் புதிய கைகள் போடும் முடிச்சு நிற்பதில்லை.