8×42 பைனாகுலரோடு நாங்குநேரி பக்கத்துக் குளங்களில் ஒரு நாள்

இந்த பைனாகுலர் என்னிடம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் மொட்டை மாடியில் நின்று மைனாவையும் கிளியையும் பார்த்ததை வைத்து எழுத மனசு வரவில்லை. அதனால் ஜனவரி மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன் ஆரம்பித்து இருட்டும் வரை, இதைக் கழுத்தைவிட்டு இறக்காமல் திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம், நாங்குநேரி பக்கம் சுற்றினேன். தேடிப் போனது இரண்டு பறவைகளை. ஒன்று வரித்தலை வாத்து. அது கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருவதுதான், ஆனால் கிட்டத்தில் நிற்காது. இன்னொன்று மான்டேகு பூனைப்பருந்தின் ஆண். அது கிடைக்கிற அன்றைக்குக் கிடைக்கும்.

கம்பெனியைவிட 8×42 என்ற எண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும், பலரும் குழம்புவது அங்கேதான். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் தெரியும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால். அந்த அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது. பாக்கெட்டில் போடுகிற 8×25இல் இது மூன்று மில்லிமீட்டர்தான். பட்டப்பகலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் காலை ஆறேகாலுக்கு, சூரியன் வருவதற்கு முன், குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் உட்கார்ந்திருந்தபோது அதன் வால் பக்கத்து ரோஸ் நிறம்வரை இதில் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அவை அந்த நேரத்தில் சாம்பல் நிறக் கட்டிகள், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுத்தால் வெளிக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். நைட்ரஜன் அடைத்தது என்று போட்டிருந்தாலும் அது உள்பக்கத்தைத்தான் காப்பாற்றும். நான் ஐந்து நிமிஷம் காத்திருந்தேன், அதற்குள் ஒரு கரண்டிவாயன் கூட்டம் தலைக்கு மேலே போய்விட்டது. அடுத்த முறை ஊர் எல்லையிலேயே ஏசியை அணைத்துவிடச் சொல்லுவேன்.

பத்து மணிக்கு வாத்துகள் தெரிந்தன, குளத்தின் நடுவில், என் கணக்கில் 400 மீட்டருக்குக் குறையாமல். எட்டு மடங்கு என்றால் 50 மீட்டரில் நிற்பதுபோல. வெள்ளைத் தலையும் அதன் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டைகளும் தெரிந்தன, ஆனால் திருப்தியாக இல்லை. இமயமலைக்கு மேலே 7,000 மீட்டரையும் தாண்டிப் பறப்பதாகப் பதிவான பறவை கண்ணெதிரே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பார்க்க மாட்டோமா என்று இருந்தது. பதினோரு மணிக்கு மேல் கானல் ஆரம்பித்து எல்லாமே நெளிய ஆரம்பித்துவிட்டது. அதற்கு எந்தக் கண்ணாடியும் உதவாது, பெருக்கம் கூடக் கூட நெளிவும் பெரிதாகத்தான் தெரியும். தூரத்து நீர்ப்பறவைதான் உங்கள் ஆசை என்றால் ஸ்டாண்டில் வைக்கிற ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி, அதாவது ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும், காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அது பகல்ல தண்ணிக்குள்ளயேதான் கெடக்கும். ராத்திரிதான் வயலுக்கு எறங்கும்" என்றார். பைனாகுலரை அவரிடம் கொடுத்து, இரண்டு குழாயையும் அவர் கண்ணின் அகலத்துக்கு மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை சரிசெய்து காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "தலையில பட்ட போட்டுருக்கு" என்றார். சின்ன வயசிலிருந்து அந்த வாத்தைப் பார்க்கிறாராம். 1994இல் சரணாலயம் என்று அறிவிப்பு வருவதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றி வந்த பறவைகள் அவை, தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் பார்த்துக்கொண்டவர்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இதை வாங்கியது தகும் என்று நினைக்கிறேன்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கக்கூடிய தூரம், கடைக்காரர்கள் ஐ ரிலீஃப் என்பார்கள், அது 16 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கண் வைக்கிற ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள். என்னோடு வந்த நண்பரின் பழைய 10×50இல் அந்தத் தூரம் குறைவு, அவருக்குப் பாதி வட்டம்தான் தெரிகிறது. அது கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம் வேறு, மதியத்துக்கு மேல் கை நடுங்குகிறது, பத்து மடங்கில் அந்த நடுக்கமும் பத்து மடங்கு. சுற்றுலா இடங்களில் 30×60 என்று அச்சடித்து விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள், நான் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் காற்றாலைகளுக்கு இந்தப் பக்கம் ஒரு தரிசுப் புல்வெளி. பூனைப்பருந்துகள் இரவில் புல்லுக்குள் தரையில்தான் தங்கும், அதனால் அந்த நேரத்தில் தாழப் பறந்து வரும். பெண்ணாக இரண்டு போயின, எந்த வகை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒன்று, இறக்கையை வி வடிவில் தூக்கிப் பிடித்தபடி, வலமும் இடமும் சாய்ந்து சாய்ந்து வந்தது. எட்டு மடங்கின் அருமை இங்கேதான். பார்க்கும் பரப்பு அகலமாக இருப்பதால் ஒரு தடவைகூடப் பறவை வட்டத்தைவிட்டு வெளியே போகவில்லை. அது திரும்பியபோது மேல் இறக்கையின் குறுக்கே கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பார்க்க இதைப்போலவே இருக்கும் வெளிர் பூனைப்பருந்தின் ஆணுக்கு அந்தக் கோடு கிடையாது. மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த மான்டேகுவேதான். நண்பர் 10×50இல் தேடிப் பிடிப்பதற்குள் அது புல்லுக்குள் இறங்கிவிட்டது. என்னுடையதைக் கொடுத்து, அடுத்ததற்காக இருட்டும் வரை நின்றோம், வரவில்லை.

குறை என்றால் கூட வந்த வார்தான். ஒல்லியானது, நாலு மணி நேரத்தில் பிடரியை அறுக்கிறது. இரண்டு தோளிலும் மாட்டுகிற வாரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.