முதுகில் நாடாவா, முன்பக்கம் மடிப்பா? மருத்துவமனை கவுன்கள் ஓர் ஒப்பீடு

பின்பக்கம் நாடா கட்டும் கவுனைப் போட்ட பெரியவர் ஒருவர் கழிப்பறைக்கு நடந்துபோவதைப் பல வார்டுகளில் பார்க்கலாம். ஒரு கை ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும். கால் தடுக்கினால் சுவரைப் பிடிக்க அவருக்குக் கை மிச்சமில்லை. கூச்சத்தோடு விழும் ஆபத்தும் சேர்ந்துகொள்வதால், எந்த கவுன் வாங்குவது என்பதை மருத்துவமனைகள் லாண்டரிக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது.

பழைய கவுனுக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மயக்கத்தில் இருப்பவருக்கும், பக்கவாதத்தால் புரள முடியாதவருக்கும் தூக்காமலே முன்பக்கமிருந்து கைகளை நுழைத்து உடுத்திவிடலாம். பெட்பேன் வைப்பதும், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் எளிது. சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் ஊசி போடும்போது நாடாவை அவிழ்த்தால் போதும். ஆபரேஷன் தியேட்டரிலும் ஐசியூவிலும் இதை நீக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் சாதாரண வார்டில் என்ன நடக்கிறது? இசிஜிக்கு நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, வயிற்று ஸ்கேன், டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பது, தாய் பால் கொடுப்பது எல்லாமே முன்பக்க வேலை. பின்னால் திறக்கும் கவுனில் இவற்றுக்குக் கீழிருந்து கழுத்துவரை சுருட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோளிலிருந்து முழுசாக இறக்க வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வசதி என்று சொல்லித்தான் இதை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். நடமாடும் நோயாளிகளைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது.

இதற்குப் போட்டியாக வந்தது, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போடும் கவுன். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2010 வாக்கில் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க்கின் வடிவமைப்பில் ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பைச் சுற்றிக் கட்டும் ராப் டிரெஸ்ஸால் 1970களில் புகழ்பெற்றவர் அவர். அந்த கவுனைத் திறப்பு முன்னால் வரும்படியும் போடலாம், பின்னால் வரும்படியும் போடலாம். டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவக் குழுமம் உருவாக்கிய ‘மாடல் ஜி’ வேறு வழியில் போனது. அதில் முதுகுப் பக்கம் முழுதாக மூடியிருக்கும். முன்னால் மடிந்து பட்டனில் நிற்கும்.

இருபக்கமும் போடலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே சரக்கு எல்லா வார்டுக்கும் ஆகும். ஆனால் அவசரத்தில் கை பழகிய வழிக்கே போகும். திறப்பு மறுபடியும் முதுகுக்குத்தான் வரும். முதுகு மூடிய கவுனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நடக்கக்கூடிய நோயாளிக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கை நடுங்குகிறவரும் யாரையும் கூப்பிடாமல் தானே போட்டுக்கொள்ளலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மட்டும் இது பெரும்பாடு, ஒவ்வொரு முறையும் புரட்ட வேண்டும்.

கவுனின் தோள்பட்டையைப் பற்றி அதிகம் பேச்சே எழுவதில்லை. சாதாரண ஸ்லீவ் வைத்த கவுனை ட்ரிப்ஸ் ஓடும்போது மாற்ற வேண்டுமென்றால், பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, டியூபோடு சேர்த்து ஸ்லீவுக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். மருந்தை அளந்து செலுத்தும் பம்ப் மாட்டியிருந்தால் அதுவும் முடியாது; டியூபைக் கழற்றத்தான் தோன்றும். கழற்றும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழைய ஒரு வழி திறக்கிறது. தோளிலிருந்து ஸ்லீவ் முனைவரை பிரஸ் பட்டன் வைத்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. பட்டன் உலோகமாக இருந்தால் எம்ஆர்ஐ அறைக்குள் போக முடியாது, எக்ஸ்ரே படத்திலும் நிழல் விழும். அதனால் பிளாஸ்டிக்தான். பிரிட்டனில் டிசைன் கவுன்சிலின் திட்டத்துக்காக ஃபேஷன் வடிவமைப்பாளர் பென் டி லிஸி வடிவமைத்த கவுனிலும் நாடாவை விட்டுப் பிளாஸ்டிக் பட்டனுக்குத்தான் போனார்கள். வெல்க்ரோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். துவைக்கத் துவைக்கப் பஞ்சு அடைத்துக்கொண்டு பிடிப்பு போய்விடும். மருத்துவமனைத் துணியோ கொஞ்சநஞ்சச் சூட்டில் துவைப்பதல்ல. பிரிட்டனின் வழிகாட்டுதல்படி 65 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம். பிளாஸ்டிக் பட்டனும் இந்தச் சூட்டையும் அதற்குப் பிறகு வரும் இஸ்திரியையும் தாங்கும் ரகமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மேலே எதைப் போட்டாலும் கீழே என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகள் சில சட்டை, பைஜாமா கொடுக்கின்றன. காய்ச்சலுக்கும் கை முறிவுக்கும் அது அருமை. ஆனால் சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு டியூப் வெளியே வர வழியில்லை. வயிற்றில் தையல் போட்டவருக்கு இடுப்பு நாடா சரியாகப் புண்மேல் போய் அழுத்தும். தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோ செய்தவருக்கு அந்த இடத்தை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இவர்களுக்கெல்லாம் லுங்கி போலச் சுற்றி, பக்கவாட்டில் தளர்வாக முடியும் துணி போதும். காலைத் தூக்காமலே விலக்கிப் பார்க்கலாம், பக்கவாட்டில் டியூபை எடுக்கலாம். இடுப்பில் எவ்வளவு இறுக்குவது என்பதும் நோயாளியின் கையில் இருக்கும். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கென்று பின்பக்கம் திறப்பு வைத்த ஷார்ட்ஸ் வந்துவிட்டது. ஒருமுறை போட்டு எறிவது. உடம்பில் எந்த இடம் தேவையோ அதை மட்டும் திறந்தால் போதும் என்ற எண்ணத்தில் பிறந்த உடுப்பு அது. மற்ற சோதனைகளுக்கும் இந்த எண்ணம் பரவ வேண்டும்.

மொத்தமாக வாங்கும் பொறுப்பில் இருப்பவருக்கு என் பரிந்துரை இது. தியேட்டருக்கும் ஐசியூவுக்கும் பழைய கவுன், தோளில் பட்டனோடு. வார்டுக்கு முதுகு மூடி முன்னால் மடியும் கவுன், கூடவே சுற்றுத்துணி ஒன்று. அளவில் குறைந்தது மூன்று வேண்டும். ஒரே அளவு எல்லோருக்கும் என்று தைத்தால் பருமனானவருக்கு மடிப்பு சேராது, உட்கார்ந்தாலே விலகும். ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரித் துணியைச் சிஸ்டர்களில் இரண்டு பேர் போட்டுப் பார்க்கட்டும். கையில் டியூபை ஒட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, கீழே விழுந்த செருப்பைக் குனிந்து மாட்டி, மாடிப்படி ஏறிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் கை தானாகத் துணியைப் பிடிக்கப் போகிறதோ, தையல்காரரிடம் அந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும்.