வீட்டுக் கடன் ஆலோசகருக்குக் கொடுத்த கட்டணம்

முதல் வீடு வாங்கியபோது ஒரு தனிக் கடன் ஆலோசகரிடம் போனோம். வங்கியிடம் கமிஷன் வாங்காமல், நம்மிடம் மட்டும் கட்டணம் வாங்குபவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டுத் தரகருக்கு விலை ஏறினால் கமிஷன் ஏறும். கடன் ஏஜென்டுக்குக் கடன் தொகை பெரிதானால் வருமானம் பெரிதாகும். எங்கள் பக்கம் ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் அந்த அம்மா வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "மாதத் தவணை எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்கள்? அதில் இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்துவிட்டு, மீதியை 6 மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள்" என்றார். என் கணவருக்கு எரிச்சல். அதற்குள் வீடு கைவிட்டுப் போய்விடும் என்றார். ஆனாலும் போட்டோம். 3வது மாதம் அவருக்குப் பல் வைத்தியச் செலவு வந்து, அந்தக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் மனதில் வைத்திருந்த கடன் எங்களுக்குத் தாங்காது என்று அன்றுதான் புரிந்தது. தொகையைக் குறைத்தோம். நாங்கள் கொடுத்த கட்டணத்துக்கு இந்த ஒன்றே போதும் என்பேன்.

அப்புறம் தவணை அட்டவணையை எதிரில் வைத்து விளக்கினார். 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், கட்டும் மொத்த வட்டி கிட்டத்தட்ட வாங்கிய அசல் அளவுக்கே வந்துவிடுகிறது. முதல் மாதத் தவணையில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகிறது. அதையே 15 வருடமாக்கினால் தவணை 14 சதவீதம்தான் கூடுகிறது, மொத்த வட்டியோ கால் பங்குக்கு மேல் குறைகிறது. இதுவரை எந்த வங்கி ஊழியரும் எங்களுக்கு இதைக் காட்டியதில்லை. "மாதம் இவ்வளவுதான்" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

பேரம் பேசுவதில் அவர் நேரடியாகத் தலையிடவில்லை. ஆனால் இவ்வளவு வரை கடன் தருவோம் என்று வங்கி முன்கூட்டியே கொடுக்கும் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் விலை பேசவே கூடாது என்று கறாராகச் சொன்னார். எங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதைத் தரகரிடம் மூச்சுவிடக் கூடாது, ஏன் விற்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள் என்றார். விசாரித்தோம். உரிமையாளர் ஏற்கெனவே வேறு வீட்டுக்குப் போய்விட்டார், இந்த வீடு 4 மாதமாகக் காலி. அவருக்கு வேண்டியது சீக்கிரம். எங்களிடம் கடிதம் இருந்தது. கேட்ட விலையில் 4 சதவீதம் இறங்கினார், குளியலறைக் கசிவையும் அவர் செலவிலேயே சரிசெய்து தந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, பேசிய விலையைவிடக் குறைவாக மதிப்புப் போட்டார். பேசிய விலையை 100 என்று வைத்துக்கொண்டால் அவர் போட்டது 95. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் 80 சதவீதம்தான் கடன். அதாவது 80 கிடைக்காது, 76தான். அந்த 4 எங்கள் கையிலிருந்து போக வேண்டும், கையில் அவ்வளவு இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் ஆலோசகர், முன்பண ஒப்பந்தத்தில் அவர் சொல்லி நாங்கள் சேர்த்திருந்த ஒரு வரியை நினைவூட்டினார்: பேசிய அளவு கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும். அந்தத் தைரியத்தில் மதிப்பீட்டு அறிக்கையோடு உரிமையாளரிடம் போய் உட்கார்ந்தோம். 97க்கு ஒத்துக்கொண்டார்.

குறையும் இருக்கிறது. வங்கி கடனோடு ஒரு காப்பீட்டைச் சேர்த்து, அதன் பிரீமியத்தையும் அசலிலேயே ஏற்றியிருந்தது. அதற்கும் கடன் முடியும்வரை வட்டி கட்டியிருப்போம். அதை அவர் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் தொகை கூடுதலாக இருப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன். உடனே எடுத்துவிட்டார்கள். இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர் இதை விட்டிருக்கக் கூடாது. மாலை 6 மணிக்கு முன்னால் போனையும் எடுக்க மாட்டார். அவசரம் வருவதெல்லாம் பகலில்தான். கட்டடத்தின் தரம் பற்றியும் அவர் பேச மாட்டார், அதற்குத் தனியாக ஒரு பொறியாளரை அழைத்துப் போனோம்.

வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வராதவர்களும், சேமிப்பு மட்டுமட்டாக இருப்பவர்களும் விலை பேசப் போகும் முன்பே இப்படி ஒருவரைப் பாருங்கள். விலை பேசி முடித்த பிறகு போனால் அவரால் செய்ய முடிவது குறைவு.

முதல் வருடக் கடன் ஸ்டேட்மென்ட் வந்ததும் எடுத்து வாருங்கள், வட்டி சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம், அதற்குக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் 2 மாதம் இருக்கிறது.