தார் பாலைவன க்ரூப் ரைடு: ஃபோனா, இன்டர்காமா, வாக்கி டாக்கியா?

டிசம்பர் நெருங்கினாலே ரைடிங் க்ரூப்கள்ல ஜெய்சல்மேர் ப்ளான் ஓட ஆரம்பிச்சிடும். வண்டிய ஜோத்பூர் வரைக்கும் ட்ரெயின் பார்சல்ல போட்டுட்டு (டேங்க்ல பெட்ரோல சுத்தமா வடிச்சிட்டுத்தான் எடுத்துப்பாங்க, இறங்கினதும் முதல் வேலையே பெட்ரோல் தேடுறதுதான்) அங்கருந்து 280 கிலோமீட்டர் போல ஜெய்சல்மேர், அப்புறம் ராம்கர், தனோட், லோங்கேவாலா, திரும்பி வந்து சாம் மணல்மேடு, இதான் பொதுவா எல்லாரும் போடுற ரூட்டு. ஜாக்கெட் எது, பாக்ஸ் எதுன்னு நடுராத்திரி வரைக்கும் பேசுறாங்க, ஆனா பின்னாடி ஒருத்தர் நின்னுட்டா முன்னாடி போறவருக்கு எப்படி தெரியும்னு கேட்டா மட்டும் "அதான் எல்லார்கிட்டயும் ஃபோன் இருக்கே"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. எனக்கு அது பயமா இருக்கு, அதனால முதல்ல அதையே எடுத்துக்கறேன், மத்த சாமான் எல்லாம் பின்னாடி.

என் முடிவ இப்பவே சொல்லிடுறேன். இங்க ஒப்பிடப்போற எந்த கருவியும் க்ரூப் ஒண்ணா இருக்கிற வரைக்கும்தான் உருப்படியா வேலை செய்யும். பிரிஞ்சு நாலஞ்சு கிலோமீட்டர் ஆயிடுச்சுன்னா எல்லாமே ஊமை. அதனால பிரியாம இருக்கிறதுக்கான வழிய முதல்ல பேசி முடிங்க, அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

ஃபோன்ல ஆரம்பிப்போம். ஜெய்சல்மேர் டவுன்ல, ஹைவேல எந்த பிரச்சனையும் இல்ல, ராம்கர் தாண்டி எல்லை பக்கம் போகப்போக சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஒருத்தருக்கு வர்ற இடத்துல இன்னொருத்தருக்கு வராது. அதனால க்ரூப்ல எல்லாரும் ஒரே கம்பெனி சிம் வெச்சிருக்கிறது நல்ல ஐடியா இல்ல, ஜியோ ரெண்டு பேர், ஏர்டெல் ரெண்டு பேர், பிஎஸ்என்எல் கண்டிப்பா ஒருத்தராவதுன்னு பிரிச்சு வெச்சுக்கங்க. 112க்கு போடுற அவசர கால் மட்டும் உங்க கம்பெனி சிக்னல் இல்லாட்டியும் அங்க வேற எந்த கம்பெனி டவர் கிடைச்சாலும் அது வழியா போகும், இத க்ரூப்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. வாட்ஸப் லைவ் லொக்கேஷன நம்பி கிளம்புறவங்க ஒண்ண கவனிக்கணும், டேட்டா போன நிமிஷம் அது கடைசியா இருந்த இடத்துலயே நின்னுடும், பாக்குறவருக்கு அவர் அங்க நிக்கிறார்னே தோணும், உண்மைல அவர் பத்து கிலோமீட்டர் தாண்டி போயிருப்பார். ஆனா ஜிபிஎஸ்க்கு சிக்னல் தேவையில்ல. ஆர்கானிக் மேப்ஸ் இல்லன்னா ஓஎஸ்எம்அண்ட் ஆப்ல ராஜஸ்தான் மேப்ப டவுன்லோட் பண்ணிட்டு, ரூட்டு பதிஞ்ச ஒரே ஜிபிஎக்ஸ் ஃபைல எல்லார் ஃபோன்லயும் ஏத்திடுங்க. ஃபோன பேசுற கருவியா பாக்காம மேப்பா பாத்தீங்கன்னா அதுதான் இந்த லிஸ்ட்லயே பெஸ்ட்.

அடுத்து இன்டர்காம், ஹெல்மெட்ல மாட்டிக்கிட்டு ஓட்டும்போதே ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிற கருவி, பெரிய காசு போற இடம். இதுல ரெண்டு ஜாதி. பழைய ப்ளூடூத் மாடல்கள் ஒருத்தர்ட்டருந்து இன்னொருத்தருக்குன்னு சங்கிலி மாதிரி கோத்துக்கும், பெரும்பாலான மாடல்ல நாலு பேர், நடுவுல ஒருத்தர் பெட்ரோல் போட நின்னாருன்னா சங்கிலி அறுந்துடும், மறுபடி கோக்கணும். மெஷ் மாடல்ல அந்த தலைவலி இல்ல, யார் விலகினாலும் மிச்சவங்க தானா சேந்துக்குவாங்க, விலகினவர் ரேஞ்சுக்குள்ள வந்ததும் அவரும் தானா உள்ள வந்துடுவாரு. கார்டோ பேக்டாக்ல 15 பேர், சேனா மெஷ்ல தனி க்ரூப்னா 24 பேர் வரைக்கும் போகும். மூணு பேருக்கு மேல போற ரைடுக்கு ப்ளூடூத் மாடல் வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். ரெண்டு பேர் மட்டும் போறீங்கன்னா ப்ளூடூத்தே போதும், மெஷ்ஷுக்கு குடுக்கிற காச நல்ல டயர்ல போடலாம். இன்னொண்ணு, கார்டோ மெஷ்ஷும் சேனா மெஷ்ஷும் ஒண்ணோட ஒண்ணு பேசாது, ப்ளூடூத் வழியா பாலம் போட்டுத்தான் சேக்கணும், பாதி க்ரூப் இதுலயும் பாதி க்ரூப் அதுலயும் இருந்தா வழி பூரா பேரிங் பண்ணிட்டே இருப்பீங்க. வாங்கறதுக்கு முன்னாடி க்ரூப்ல பெரும்பாலானவங்க கிட்ட எது இருக்குன்னு கேட்டுட்டு அதையே வாங்குங்க, எதோட சவுண்டு நல்லாருக்குங்கற சண்டை இங்க தேவையே இல்ல.

ரேஞ்ச் விஷயத்துல பெட்டில ஒன்றரை கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கும், அது நேருக்கு நேர் பார்வை மறைக்காத இடத்துல. இது 2.4 கிகாஹெர்ட்ஸ், நடுவுல ஒரு மணல்மேடு வந்தாலே குரல் கரகரன்னு ஆகி காணாம போயிடும். ஆனா மெஷ்ல ஒரு பெரிய ப்ளஸ் இருக்கு, ஒவ்வொரு ஹெல்மெட்டும் அடுத்த ஹெல்மெட்டுக்கு குரல கடத்தி விடும். மணல் பாதைல முன்னாடி வண்டி கிளப்புற புழுதிக்கு 250 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் ஓட்ட முடியும், எட்டு வண்டின்னா ஏழு இடைவெளி, முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவுல 1,750 மீட்டர் ஆயிடும். தனி ஒரு இன்டர்காம் அந்த தூரம் எட்டுறது சந்தேகம், மெஷ் எட்டும், ஏன்னா ஒவ்வொரு தாவலும் 250 மீட்டர்தான். சிக்கல் எப்ப வரும்னா யாராவது விழுந்தா. விழுந்தவரும் பின்னாடி வர்றவரும் நின்னுடுவாங்க, முன்னாடி ஆளுங்க போயிட்டே இருப்பாங்க, மூணே நிமிஷத்துல மெஷ் ரெண்டா உடைஞ்சிடும். நமக்கு ரொம்ப தேவைப்படுற நேரமே அதுதான்.

இங்கதான் வாக்கி டாக்கி உள்ள வருது. நம்ம நாட்டுல 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் குறைஞ்ச பவர் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு 2018லருந்து விதி இருக்கு, பிஎம்ஆர் 446ன்னு கேட்டு வாங்கணும், பவர் அரை வாட்தான். அரை வாட்டான்னு கேவலமா நினைக்காதீங்க, திறந்த வெளில ரெண்டு மூணு கிலோமீட்டர் தாராளமா எடுக்கும், மேடு பள்ளத்துல இன்டர்காம விட கொஞ்சம் நல்லாவே வளைஞ்சு போகும், விலையும் ஒரு ஜோடியே ஒரு நல்ல மெஷ் யூனிட்ட விட ரொம்ப குறைவு. எல்லாருக்கும் வாங்க வேண்டாம், லீட் ரைடருக்கு ஒண்ணு, கடைசில வர்ற ஸ்வீப்புக்கு ஒண்ணு, எட்டு பேருக்கு மேலன்னா நடுவுல க்ரூப்ப பாத்துக்கிற மார்ஷலுக்கு ஒண்ணு. கைல எடுத்து பேச முடியாது, ஹேண்டில்ல பட்டன் மாட்டி ஹெல்மெட்டுக்குள்ள இயர்பீஸ் விட்டுக்கணும். குரல் கேட்டா தானா ஆன் ஆகுற மோட வண்டில போடாதீங்க, காத்து சத்தத்துக்கே அது ஆன் ஆகி சேனல அடைச்சிடும்.

ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற பாவ்ஃபெங் மாதிரி அஞ்சு வாட் செட்ட பாத்து நிறைய பேர் ஆசைப்படறாங்க. ரேஞ்ச் அதிகம்தான், ஆனா அது லைசென்ஸ் இல்லாம உபயோகிக்க கூடாத சாதனம், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இருந்தா கூட எதிர்ல பேசறவருக்கும் லைசென்ஸ் இருந்தாத்தான் பேசலாம். 2025ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அனுமதியில்லாத வாக்கி டாக்கிய ஆன்லைன்ல விக்கிறதுக்கு எதிரா தனி வழிகாட்டுதலே கொண்டு வந்துச்சு, அதனால கடைல கிடைக்குது, அப்ப சட்டப்படி சரின்னு எடுத்துக்க முடியாது. நாம போறது பாகிஸ்தான் எல்லைக்கு பக்கத்துல, பிஎஸ்எஃப் செக்போஸ்ட்ல பைய திறந்து காட்ட சொல்லலாம். செட்டோட ஈடிஏ (அந்த மாடலுக்கு அரசு குடுத்த அனுமதி) சான்றிதழ் நகலும் பில்லும் ஒரு கவர்ல போட்டு டேங்க் பேக்ல வைங்க. ரேடியோல ராணுவ வண்டி போகுது, முகாம் இங்க இருக்குன்னு விளையாட்டுக்கு கூட பேசாதீங்க.

சாட்டிலைட் கருவி பத்தி வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு கேக்கிறவங்களுக்காக தனியா சொல்றேன். மொராக்கோவுலயோ அரேபிய பாலைவனத்துலயோ ஓட்டுறவங்க சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கார்மின் இன்ரீச் மாட்டிட்டு போறாங்க, அங்க அது உயிர் காக்கிற சாமான், மறுப்பே இல்ல. இந்தியாவுல துராயா, இரிடியம் சாட்டிலைட் ஃபோன்கள அரசு அனுமதி இல்லாம வெச்சிருக்க தடை, இன்ரீச் இரிடியம் வழியாத்தான் போகுது, அது தெரியாம பைல வெச்சிருந்த வெளிநாட்டு டூரிஸ்டுகள் ஏர்போர்ட்லயே கைதாகியிருக்காங்க. எல்லை மாவட்டத்துல அத எடுத்துட்டு போனா என்ன ஆகும்னு நினைச்சுக்கங்க. யாராவது துபாய்லருந்து வாங்கிட்டு வந்து தர்றேன்னு சொன்னாலும் வேண்டாம்னுடுங்க.

அப்ப பிரிஞ்சா என்னதான் பண்றது? காசே செலவில்லாத ஒரு முறை இருக்கு, நான் எல்லா கருவிக்கும் மேல வெக்கிறது இதத்தான். திருப்பம் எங்க வந்தாலும், பாதை ரெண்டா பிரிஞ்சாலும், உங்களுக்கு பின்னாடி வர்றவர் உங்கள பாக்கிற வரைக்கும் நீங்க அந்த இடத்த விட்டு நகரக்கூடாது. ஒவ்வொருத்தரும் தனக்கு பின்னாடி இருக்கிற ஒரே ஒருத்தருக்கு பொறுப்பு. பின்னாடி ஆள் அஞ்சு நிமிஷமா வரலன்னா நீங்க நிப்பீங்க, நீங்க நிக்கிறத கண்ணாடில பாத்து உங்களுக்கு முன்னாடி போறவர் நிப்பாரு, அப்படியே லீட் வரைக்கும் போயிடும், ஒரு வார்த்தை பேசாம. தேடிட்டு திரும்பிப்போக ரெண்டு பேர் மட்டும், மிச்சவங்க நின்ன இடத்துலயே. வழி தவறினவரும் கடைசியா யாரையாவது பாத்த இடத்துக்கு தார் ரோடு வழியாவே திரும்பி வரணும், குறுக்கு வழி தேடக்கூடாது. இத கிளம்புற அன்னிக்கு காலைல டீக்கடைல சத்தமா சொல்லி, எல்லாரையும் திருப்பி சொல்ல வைங்க.

இனி மத்த சாமான். சார்ஜிங்ல பவர்பேங்க் மட்டும் நம்புறத விட வண்டி பேட்டரிலருந்து யுஎஸ்பி இழுக்கிறது நல்லது, மேப் நாள் பூரா ஓடணும்ல. ஐஃபோனுக்கு ஆப்பிள் சொல்ற சுத்துப்புற வெப்பம் 35 டிகிரி வரைக்கும்தான், டிசம்பர் வெயில்ல கூட ஹேண்டில்ல நேர் வெயில்ல மாட்டி சார்ஜும் போட்டா சூடாகி திரை மங்கிடும். பெரிய இன்ஜின் அதிர்வுல கேமரா கெட வாய்ப்பிருக்குன்னும் அவங்களே 2021ல சொல்லிட்டாங்க. வீட்ல கிடக்கிற பழைய ஆண்ட்ராய்ட் ஃபோன்ல மேப்ப ஏத்தி ஹேண்டில்ல மாட்டுங்க, நல்ல ஃபோன் பைக்குள்ள இருக்கட்டும்.

டயர் காத்து விஷயத்துல ஏமாந்துடாதீங்க. மணல்ல இறங்கினா காத்த 18, 20 பிஎஸ்ஐக்கு குறைச்சாத்தான் டயர் பரந்து மிதக்கும், ஆனா எக்ஸ்பல்ஸ், பழைய ஹிமாலயன் மாதிரி ஸ்போக் வீல் ட்யூப் வண்டில அவ்ளோ குறைச்சிட்டு கல்லுல இடிச்சா ட்யூப் கடிபட்டு பஞ்சராகும். 390 அட்வென்ச்சர் மாதிரி ட்யூப்லெஸ்ல பஞ்சர் ஒட்டுறது அஞ்சு நிமிஷ வேலை, ட்யூப்ல வீல கழட்டணும், அதனால ட்யூப் வண்டி நிறைய இருக்கிற க்ரூப்புக்கு டயர் லீவர் செட்டும் முன் பின் ட்யூபும் கட்டாயம். குறைச்ச காத்த மறுபடி ஏத்த சார்ஜ் பண்ற குட்டி பம்ப் வசதிதான், ஆனா எட்டு வண்டிக்கு பதினாறு டயர், பாதிலயே சார்ஜ் தீந்துடும். பேட்டரில கிளிப் போடுற 12 வோல்ட் பம்ப் ஒண்ணு க்ரூப்புக்கு இருந்தா போதும்.

பெட்ரோல் கேன் தேவையில்லைங்கறது என் கருத்து. ஜெய்சல்மேர்ல கிளம்பி தனோட், லோங்கேவாலா சுத்தி திரும்பி வர சுமார் 270 கிலோமீட்டர்தான், போகும்போது ராம்கர்ல டேங்க நிரப்பிட்டா 13 லிட்டர் எக்ஸ்பல்ஸே தாராளமா வந்துடும். அந்த இடத்துல தண்ணி வெச்சுக்கங்க.

லக்கேஜுக்கு அலுமினிய பாக்ஸா, துணி சாடில் பேகான்னா, பாலைவனத்துக்கு மட்டும் நான் துணி பேக் பக்கம். மணல்ல வண்டி சாயும்போது கால ஊனுவோம், பாக்ஸ் பின்னாடிலருந்து வந்து கெண்டைக்கால்ல இடிச்சா கால் மாட்டிக்கும். ரோடு மட்டும்தான், மணல்ல இறங்கவே மாட்டோம்னா பாக்ஸ் ஓகே, ஹோட்டல் வாசல்ல பூட்டி வெக்கலாம். சாம் பக்கம் டெசர்ட் நேஷனல் பார்க் இருக்கு, கானமயில் மிச்சமிருக்கிற இடம், அந்த எல்லைக்குள்ள கண்ட இடத்துல வண்டிய இறக்காதீங்க ப்ளீஸ்.

ஜாக்கெட்ல மெஷ்ஷா (இன்டர்காம் மெஷ் இல்ல, காத்து புகுற வலைத்துணி) டெக்ஸ்டைலான்னா சீசன பொறுத்தது. 2016 மே 19 அன்னிக்கு பக்கத்துல இருக்கிற பலோடில 51 டிகிரி அடிச்சுது, அந்த மாதிரி மாசத்துல எந்த ஜாக்கெட்டும் காப்பாத்தாது, போகாதீங்க. டிசம்பர்ல காலைல ஆறு மணிக்கு குளிர் விரல விறைக்க வெக்கும், மதியம் வெயில் சுள்ளுனு அடிக்கும், அதுக்கு மெஷ் ஜாக்கெட்டும் மேல போட ஒரு காத்து புகாத விண்ட்சீட்டரும் உள்ள ஒரு தெர்மலும் போதும், கழட்டி கழட்டி மாட்டலாம். கனமான டூரிங் ஜாக்கெட் காலைல சுகம், மதியம் மணல்ல வண்டிய தள்ளும்போது வேர்த்து ஊத்தும். மெஷ்ல ஒரு ஆபத்து, காத்து பட்டு பட்டு வேர்வை உடனே காஞ்சிடும், வேர்க்கவே இல்லையேன்னு தண்ணி குடிக்காம ஓட்டுவாங்க. அதனால பாட்டில விட முதுகுல மாட்டுற ஹைட்ரேஷன் பேக் நல்லது, ட்யூப் வாய் பக்கத்துலயே இருக்கும், பாட்டிலுக்கு வண்டிய நிறுத்தணும், நிறுத்த யோசிச்சே குடிக்காம விட்டுடுவாங்க. பைக்குள்ள வெறும் தண்ணி மட்டும் ஊத்துங்க, சர்க்கரை கலந்தா ட்யூப்ல பூஞ்சை பிடிக்கும். ஓஆர்எஸ் பாக்கெட்ட தனியா ஒரு லிட்டர் பாட்டில்ல கரைச்சு மதியம் நிக்கும்போது குடிச்சுக்கங்க, ஸ்வீப் ரைடர் பைல மட்டும் ரெண்டு லிட்டர் எக்ஸ்ட்ரா தண்ணி போட்டு விடுங்க, நின்னுபோன வண்டிகிட்ட ரொம்ப நேரம் காத்திருக்கப்போறது அவர்தான்.