ஆஸ்திரேலிய லைசென்ஸோடு அமெரிக்காவில் வாடகைக் கார்: பல வருட அனுபவம்

மெல்போர்னில் இருந்து அமெரிக்கா கிளம்பும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வலது பக்கம் ஓட்டுறது ரொம்பக் கஷ்டமா?" என்பதுதான். கலிஃபோர்னியா, நெவாடா, டெக்சாஸ், நியூ ஜெர்சி என்று பல வருடங்களாக வாடகைக் கார் எடுத்து ஓட்டி வருகிறேன். அரை நாள் கஷ்டம், அப்புறம் கை பழகிவிடும். கவலைப்பட வேண்டிய விஷயம் இன்ஷூரன்ஸ். அதை யாரும் கேட்பதே இல்லை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் நமக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. விக்டோரியாவில் ரெஜோ, அதாவது வண்டிப் பதிவுக் கட்டணம், கட்டும்போதே விபத்துக் காயங்களுக்கான டிஏசி கட்டணமும் சேர்ந்து போய்விடும். நியூ சவுத் வேல்ஸ்காரர்களுக்கு அதே வேலையைச் செய்வது கிரீன் ஸ்லிப். நம் வண்டி மோதி யாருக்காவது அடிபட்டால் அந்தக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். வாடகை வண்டிக்கும் அது உண்டு. வண்டி சேதத்துக்கும் அடிப்படைக் காப்பீடு பொதுவாக வாடகையிலேயே அடங்கியிருக்கும். நாம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய 'எக்ஸஸ்' தொகையைக் குறைப்பது பற்றி மட்டும்தான் கவுன்ட்டரில் பேச்சு நடக்கும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சேதப் பொறுப்பு விலக்கு, அதாவது எல்டிடபிள்யூ, தனியாக வாங்கும் சமாச்சாரம். அது இல்லாமல் வண்டியை எடுத்தால் எக்ஸஸ் என்ற உச்சவரம்பே கிடையாது. வண்டி முழுசாகப் போனால் முழு விலையும் நம் தலையில். எதிராளிக்குக் காயம் பட்டால் கொடுக்கும் காப்பீடோ, பல இடங்களில் மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடும். கலிஃபோர்னியாவில் 2024 கடைசி வரை அந்தக் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 15,000 டாலர், பிறர் பொருள் சேதத்துக்கு 5,000 டாலர். 2025 ஜனவரி 1 முதல் 30,000, 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரிக் கட்டணம் தெரிந்தவர்களுக்கு இது எந்த மூலைக்கு என்பது புரியும்.

அமெரிக்கர்கள் பலர் கவுன்ட்டரில் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அவர்கள் சொந்தக் காருக்கு எடுத்த பாலிசி பெரும்பாலும் வாடகைக் காருக்கும் செல்லும். நமக்கு அந்த பாலிசி இல்லை. "டிராவல் இன்ஷூரன்ஸ்ல வாடகைக் கார் எக்ஸஸ் கவர் இருக்கே" என்பார்கள். அது எக்ஸஸை மட்டுமே திருப்பிக் கொடுக்கும். ஒப்பந்தத்தில் எக்ஸஸே இல்லாதபோது எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்? எதிராளிக்கான பொறுப்பையும், வண்டி ஓட்டுவதால் வருவது என்றால், பெரும்பாலான டிராவல் பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வழி இருக்கிறது. அதே கம்பெனியின் ஆஸ்திரேலிய இணையதளத்திலோ ஆஸ்திரேலிய ஏஜெண்ட் மூலமாகவோ புக் செய்து, வசிக்கும் நாடு ஆஸ்திரேலியா என்று சரியாகக் கொடுத்தால், பெரும்பாலும் வாடகையோடு எல்டிடபிள்யூவும் 10 லட்சம் டாலர் வரை எதிராளி காப்பீடும் சேர்ந்தே வரும். அமெரிக்கத் தளத்தில் அதே கார் பாதி விலையில் தெரியும். அது வெறும் வண்டி வாடகை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, காப்பீட்டையும் கூட்டிப் பார்த்தால், என் அனுபவத்தில் நம் தளத்து விலைதான் எப்போதும் குறைவாக வந்திருக்கிறது.

அந்த புக்கிங்குக்கான வவுச்சரை அச்சிட்டு எடுத்துப் போங்கள். டாலஸ் விமான நிலையத்தில் நடு இரவில் ஒரு கவுன்ட்டரில் நின்றேன். "இந்த புக்கிங்ல உங்களுக்கு கவர் எதுவும் இல்லை சார், நான் சேர்த்துடறேன்" என்றார் ஊழியர். காகிதத்தை மேசையில் வைத்து, எல்டிடபிள்யூ என்று இருந்த வரியையும் எதிராளி காப்பீட்டு வரியையும் விரலால் காட்டினேன். அவர் மறுபடி திரையைப் பார்த்தார், பேசாமல் இரண்டு பெட்டிகளில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார். கையெழுத்துக்கு நீட்டிய சின்னத் திரையில் வழித்துணை உதவி, முன்கூட்டியே பெட்ரோல் வாங்கும் திட்டம் என்று இன்னும் இரண்டு ஓடின. அவற்றையும் நீக்கச் சொன்னேன். இருபது மணி நேரத்துக்கும் மேல் பறந்து வந்து, தூக்கக் கலக்கத்தில், பின்னால் வரிசை நீளும்போது யாரும் சரி சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த வியாபாரம் நடப்பதே அந்த அசதியை நம்பித்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒப்பந்தத்தைப் பேப்பரில் கேளுங்கள். மொத்தத் தொகையைப் படித்துவிட்டுத்தான் சாவி.

மற்ற காகிதங்கள் சுலபம். ஆஸ்திரேலிய லைசென்ஸ் கட்டாயம். கூடவே ஆர்ஏசிவி, என்ஆர்எம்ஏ போன்ற மோட்டார் கிளப்புகள் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் வாங்கிக்கொள்வேன். ஒரு வருடம் செல்லும். எல்லா மாநிலங்களும் கேட்பதில்லை, ஆனால் போலீஸ் நிறுத்தினால் வசதி. கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் கார்டு என்றால் பல கிளைகளில் தகராறு. 25 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓட்டுவதாக இருந்தால் தினசரி கூடுதல் கட்டணம் உண்டு.

பெரிய விமான நிலையங்களில், நீங்கள் புக் செய்த கார் வகைக்கான வரிசையில் நிற்கும் எந்த வண்டியையும் எடுத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நான் பார்ப்பது டயர், முன் கண்ணாடியில் கீறல், மைல் கணக்கு. அங்கேயே உட்கார்ந்து எல்லா விசைகளையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் டொயோட்டா, மாஸ்டாவில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலது பக்கம். அமெரிக்காவில் இடது பக்கம். முதல் நாள் யார் ஓட்டினாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும்.

சாலையில் எனக்கு மிகவும் உதவிய அடையாளம் மஞ்சள் கோடு. அமெரிக்காவில் எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிப்பது மஞ்சள், ஒரே திசை லேன்களைப் பிரிப்பது வெள்ளை. ஆஸ்திரேலியாவில் நடுக்கோடும் வெள்ளை என்பதால் நம் கண் இதற்குப் பழகியதில்லை. மஞ்சள் கோடு எப்போதும் ஓட்டுபவரின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் என் மனைவி, "என்னங்க, மஞ்சள் உங்க பக்கமா?" என்று கேட்பாள். ஆபத்து அதிகம் இருப்பது நெரிசலில் இல்லை. அங்கே முன்னால் போகும் வண்டியே வழிகாட்டி. விடியற்காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து ஆளில்லாத சாலைக்கு இறங்கும் அந்த நொடியில்தான் கை தானாக இடது பக்கம் இழுக்கும்.

சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பலாம், முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டு. நம் ஊரில் பலகை இருந்தால் மட்டுமே சிவப்பில் இடது பக்கம் போகலாம். அங்கே கூடாது என்ற பலகை இல்லாத இடங்களில் எல்லாம் போகலாம். நியூயார்க் நகரம் விதிவிலக்கு: அனுமதிக்கும் பலகை இருந்தால்தான். நீங்கள் நின்றால் பின்னாலிருந்து ஹாரன் வரும். சந்தேகமாக இருந்தால் நின்றுவிடுங்கள், ஹாரனுக்கு அபராதம் இல்லை.

நாலு பக்க ஸ்டாப் நமக்குப் புதுசு. நாம் ரவுண்டபவுட் வைக்கும் இடத்தில் அவர்கள் நாலு தெருவுக்கும் ஸ்டாப் பலகை வைத்திருப்பார்கள். அக்கா குடியிருக்கும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் தெருவுக்குத் தெரு இதுதான். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு முன்னுரிமை. "தம்பி, சக்கரம் முழுசா நிக்கணும், ஊர்ந்து போனா டிக்கெட்" என்று அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அங்கே சண்டை சச்சரவில்லாமல் ஆளாளுக்கு வரிசை பார்த்துப் போகும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இதைவிட முக்கியம் பள்ளிப் பேருந்து. நியூ சவுத் வேல்ஸில் விளக்கு மின்னும் பள்ளிப் பேருந்தை 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் கடந்து போகலாம். அமெரிக்காவில் மஞ்சள் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு ஸ்டாப் கையை நீட்டினால் நின்றே ஆக வேண்டும். நடுவே தடுப்பு இல்லாத சாலையில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் வருபவரும் நிற்க வேண்டும். குழந்தைகள் உயிர் சம்பந்தப்பட்டது, தண்டனையும் கடுமை.

ஃப்ரீவேயில் ஊர்ப் பெயரை நம்பிப் போகாதீர்கள். எண்ணும் திசையும்தான் அங்கே மொழி: ஐந்து வடக்கு, பதினைந்து தெற்கு. இன்டர்ஸ்டேட் எண் ஒற்றைப்படை என்றால் வடக்கு தெற்கு, இரட்டைப்படை என்றால் கிழக்கு மேற்கு. சில வெளிவழிகள் இடது பக்கமும் இருக்கும், லாஸ் ஏஞ்சல்ஸில் கொஞ்சம் மூச்சு வாங்கும். வேகம் மைலில். டெக்சாஸில் ஆஸ்டினுக்கு அருகே 130ஆம் எண் டோல் சாலையின் ஒரு பகுதியில் வரம்பு 85 மைல், அதாவது ஏறக்குறைய 137 கிலோமீட்டர். விக்டோரியாவில் கொஞ்சம் கூடினாலே கேமரா பிடித்துவிடும் என்று ஓட்டிப் பழகிய எனக்கு, எல்லோரும் வரம்பைத் தாண்டிப் பறப்பது இன்னமும் ஒப்பவில்லை. வலது லேனில் என் வேகத்தில் போவேன்.

பெட்ரோல் பங்கில் முதலில் பணம், பிறகுதான் பெட்ரோல். பம்பில் கார்டு போட்டால் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும். நம் நாலு இலக்க அஞ்சல் எண் எடுபடாது. உள்ளே போய் "நாலாம் நம்பர் பம்ப், 40 டாலர்" என்று சொல்லி கார்டு கொடுத்தால் முடிந்தது. மீதி இருந்தால் திரும்ப வந்துவிடும். பம்பில் 87 என்று போட்டிருப்பது நம் ஊர் 91க்குச் சமம். ஆக்டேன் அளக்கும் முறைதான் வேறு. பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல், கவனம். நியூ ஜெர்சியில் நாமே போடச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆள் வந்து போடுவார்.

டோல் விஷயத்தில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. கோல்டன் கேட் பாலத்தில் 2013 முதல் பணம் வாங்கும் ஆளே கிடையாது, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். வாடகைக் கம்பெனி அந்த டோலைக் கட்டிவிட்டு, மேலே சேவைக் கட்டணம் போடும். ஒருமுறை ஊர் திரும்பி வெகுநாள் கழித்து கார்டில் ஒரு தொகை கழிந்தது. டோலைவிடக் கட்டணம் பெரிது, காரை வெறுமனே நிறுத்தியிருந்த நாட்களுக்கும் சேர்த்து. இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே போகும் வழியில் எந்தெந்த டோல் என்று பார்த்து, அந்தந்த அமைப்பின் தளத்தில் நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்து நேரடியாகக் கட்ட முடியுமா என்று பார்த்துவிடுகிறேன். முடியாத இடத்தில், டோல் இல்லாத வழி என்று மேப்பில் போட்டுவிடுவேன்.

நீண்ட பயணம் நமக்குப் புதிதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகும் 15ஆம் எண் சாலையில் பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத் தெர்மாமீட்டர் நிற்கிறது. 1913இல் டெத் வேலியில் பதிவான 134 ஃபாரன்ஹீட்டின் நினைவு அது. நம் கணக்கில் 56.7 டிகிரி. அங்கே டெத் வேலிக்கு வடக்கே திரும்பும் முன் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் பங்குகள் குறைவு, விலையும் அதிகம். மண் சாலைகள்தான் பிரச்சினை. மான்யுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று முழுக்க மண். பல வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று இருக்கும். அதனால் அந்தப் பகுதிப் பழங்குடியினரான நவஹோ வழிகாட்டிகளின் ஜீப்பில் போய்விட்டோம். அவர்கள் சொன்ன கதைகளுக்கே அந்தப் பணம் தகும். குளிர்காலத்தில் யோசெமிட்டியின் டயோகா கணவாயை மூடிவிடுவார்கள். டயரில் பனிச் சங்கிலியை நாம் மாட்டக்கூடாது என்று சில கம்பெனிகள் தடுக்கும், போலீஸோ சங்கிலி கேட்கும். அந்தப் பருவத்தில் மலைக்குப் போவதானால் இதை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தை இருக்கையை இங்கிருந்து தூக்கிப் போகாதீர்கள். நம்முடையது ஆஸ்திரேலியத் தரத்துக்குச் செய்தது, அங்கே சட்டப்படி செல்லாது. அங்கே வாங்கியதும் இங்கே செல்லாது. நீண்ட பயணமென்றால் வாடகை இருக்கைக்குத் தினசரி கொடுப்பதைவிட கடையில் புதிதாக வாங்கி, திரும்பும்போது உறவினரிடம் விட்டுவருவது லாபம்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலும் மன்ஹாட்டனிலும் கார் வேண்டவே வேண்டாம். பார்க்கிங் கட்டணம் ஒரு பக்கம், கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கும் திருட்டு ஒரு பக்கம். நகரத்தை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றிவிட்டு, ஊரை விட்டுக் கிளம்பும் காலையில் காரை எடுங்கள். நகரக் கிளைகளில் விமான நிலையக் கூடுதல் கட்டணங்களும் இருக்காது. ஆனால் பல கிளைகள் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் மூடிவிடும் அல்லது திறக்கவே மாட்டார்கள். புக் செய்யும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.