வீடு தேடி வரும் "கத்தி வைக்காத கட்டி வைத்தியம்": தொண்டிக் கரையோர மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரையிலான கரையோர ஊர்களில், பையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, கட்டியைக் கத்தி வைக்காமல் கரைத்துத் தருவதாகச் சொல்லி, ஒரு கறுப்புப் பற்றைப் போட்டு, கூடவே ஓர் ஊசியும் குத்திவிட்டுப் பணம் வாங்கிப் போகும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுத வேண்டிய மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆகையால் இங்கே எழுதவில்லை. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட என் தாய்மாமா, தொடையிலிருந்த சீழ்க்கட்டி முற்றி, சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. இவரைப் போலவே வேறு சிலரும் நம் ஊர்களுக்கு வந்து போகிறார்கள் என்று கேள்விப்படுவதால், இந்த வைத்தியம் முதல் இரவில் ஏன் பலிப்பதுபோலத் தெரிகிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாமா விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், வலைகளைச் சரிசெய்வதும் படகுக்குச் சாயம் அடிப்பதுமாகக் கரையிலேயே இருந்தவருக்கு வலது தொடையின் உட்புறம் சிறு பரு ஒன்று எழும்பியது. கோடையில் வந்ததால் வீட்டில் அதைச் சூட்டுக் கட்டி என்றே எடுத்துக்கொண்டு, மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினார்கள். அது எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, தொடை இடுக்கில் நெறி கட்டி, கைலி உரசினாலே துடித்துப் போகிற நிலை வந்தபோது, அத்தை மருத்துவமனைக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார். அன்று காலைதான் அந்த ஆள் தெருவுக்குள் வந்தார். "கத்தி பட்டா வேரு உடம்பெல்லாம் பரவிரும்க்கா, மூணே பத்துல கரைச்சுத் தாரேன்" என்று அவர் சொன்னதும் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பற்றுக்கும் ஊசிக்குமாக முதலில் 700 ரூபாய் வாங்கினார். அன்று இரவே காய்ச்சல் விட்டது, வலி பாதியாகக் குறைந்தது, மாமா பல இரவுகளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினார். மறுநாள் வந்தவர் அதைக் காட்டியே, "பாத்தீங்கள்ல, வேரு அறுந்துருச்சு" என்று சொல்லி, மீதி வைத்தியத்துக்கு 3,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார். தடைக்கால நிவாரணமாக வந்திருந்த பணத்திலிருந்துதான் அத்தை அதை எடுத்துக் கொடுத்தார். அட்டை இல்லாமல், பெயர் இல்லாமல், காகிதத்தில் மடித்த மாத்திரைகளும் தரப்பட்டன. மருத்துவமனைக்குப் போனால் தன் மருந்து முறிந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் அவர் எச்சரித்தும் இருக்கிறார். மாமா நடமாடத் தொடங்கிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

நான் ஊருக்குப் போனபோது ஜன்னல் மாடத்தில், பற்று வைத்திருந்த சிரட்டைக்குப் பக்கத்தில், அந்த ஆள் விட்டுச்சென்ற வெற்று ஊசி மருந்துக் குப்பி ஒன்று கிடந்தது. கட்டைவிரல் அளவுள்ள கண்ணாடிக் குப்பி. ரப்பர் மூடியில் ஊசி குத்திய துளைகள் பல இருந்தன. லேபிளின் ஓரம் கிழிந்திருந்தாலும் பெயர் தெளிவாக இருந்தது: டெக்சாமெத்தசோன். அது ஒரு ஸ்டீராய்டு. தன்னளவில் கெட்ட மருந்தன்று. 2020இல் கொரோனாவால் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளிடையே இறப்பைக் குறைத்த மருந்து என்று நிறுவப்பட்டதும் இதுதான். ஆனால் கிருமித் தொற்றால் சீழ் கோத்திருக்கும் ஒருவருக்கு, வேறு தக்க காரணமில்லாமல், சர்க்கரை அளவைக்கூடப் பார்க்காமல் அதைப் போடுவது பெருங்கேடு.

ஏனென்றால் கட்டியைச் சுற்றி வரும் சிவப்பு, வீக்கம், சூடு, வலி, கூடவே அடிக்கும் காய்ச்சல் ஆகிய எல்லாம், உள்ளே புகுந்த கிருமியோடு நம் உடல் போராடுவதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. போராட்டம் அடங்கியதும் வலியும் காய்ச்சலும் குறைகின்றன; கிருமி மட்டும் அப்படியே இருந்து, தடுப்பாரின்றிப் பெருகுகிறது. போதாக்குறைக்கு அது இரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. சர்க்கரை ஏறினால் கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களின் வேகம் மேலும் குறைகிறது. ஆகவே, அந்த முதல் இரவில் வந்த சுகம் குணமாவதன் அடையாளமே அன்று. அந்தச் சுகத்தைக் காட்டித்தான் அவர் மீதிப் பணத்தை வசூலிக்கிறார் என்பதால், அவர் தெரியாமல் செய்கிறார் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன்பின் மாமாவுக்கு அடங்காத தாகம் எடுத்தது; இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்தார்; ஊசியின் வேகம் தணிந்ததும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. பற்றைப் பிரித்துப் பார்த்தபோது தோல் பளபளவென்று கருஞ்சிவப்பாக மாறி, சிவப்பு முழங்காலை நோக்கி இறங்கியிருந்தது. 108க்கு அழைத்து, 40 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் உயர்வாக இருந்ததால், நீரிழிவு முன்பே இருந்திருக்கிறது, ஊசி அதை இன்னும் ஏற்றிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் எங்கள் தெருவுக்கும் வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாட்களில் மாமா கடலில் இருப்பார். தொழிலுக்குப் போகும் ஆண்கள் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள்.

அறுவை அரங்கில் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, குழிக்குள் துணித் திரி வைத்துக் கட்டினார்கள். "தையல் போடாமத் திறந்தே விட்டுட்டாங்களே" என்று பார்க்க வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். சீழ் இருந்த குழி அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும். மேல்தோலை மட்டும் தைத்து மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் சேரும் என்பதால்தான் பெரும்பாலும் திறந்து வைக்கிறார்கள். கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை. சீழ்க்கட்டிக்கு வேர் கிடையாது. பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியால் உண்டாகும் சீழை உடல் ஒரு சுவர் எழுப்பி அடைத்து வைக்கிறது. அந்தச் சுவருக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் விழுங்கும் மாத்திரைகூட உள்ளே போதிய அளவு எட்டுவதில்லை. அப்படியிருக்க, தோலின் மேல் பூசும் பற்று அதைக் கரைக்கும் என்பது நடக்காத காரியம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் காசு தேவையில்லை. தொடக்க நிலையில் உள்ள சிறு கட்டிக்கு, சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் வரை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். பல கட்டிகள் இதிலேயே தானாக உடைந்து வடிந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலின் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால் சூட்டை வேறொருவர் தம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பிதுக்கக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது. எருக்கம்பாலும் சுண்ணாம்பும் தோலை வேகவைத்துப் புதுப் புண்ணை உண்டாக்கும். கட்டி உடைந்தால் மேலே சுத்தமான துணி வைத்து மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டையும் சவரக் கத்தியையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் புண் காயும் என்று நம் கரையில் சொல்வார்கள். ஆறாத புண்ணோடு கடலில் இறங்கவே கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் சில, சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களின் புண்ணில் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, இரண்டு மூன்று நாள் ஒத்தடத்தில் குறையாவிட்டாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மூக்கு, மேலுதடு, கண் பக்கம், ஆசனவாய் அருகில், பால் கொடுக்கும் தாயின் மார்பில், முதுகுத்தண்டின் மேல் வரும் கட்டிகளுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் எந்தக் கட்டிக்கும் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள். பிடரியில் பல கண்களோடு வரும் ராஜபிளவை அப்படிப்பட்டதுதான்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவருக்கும் பதிவு எண் உண்டு, கேட்டால் காட்டுவார். இந்த ஆளிடம் அத்தை பதிவு எண்ணைக் கேட்டபோது, பரம்பரை வைத்தியருக்கு எதற்கு எண் என்று பதில் வந்தது. பரம்பரையாக வந்த பற்றுக்கு நடுவே டெக்சாமெத்தசோன் ஊசி எப்படி வந்தது என்பதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. பதிவு பெறாமல் இப்படி ஆங்கில மருத்துவம் செய்வது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

மாமாவின் மருத்துவக் குறிப்பு, குப்பியின் புகைப்படம், அந்த ஆள் வந்துபோன தேதிகள் ஆகியவற்றோடு இராமநாதபுரம் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்திருக்கிறோம். இந்தக் கோடையில் உங்கள் வீட்டிலும் இதே கறுப்புப் பற்றும் ஊசியும் போடப்பட்டிருந்தால், குப்பியையும் மாத்திரை மடித்த காகிதத்தையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் கட்டி வைத்து, வந்த தேதியையும் வாங்கிய தொகையையும் எழுதி, நீங்களும் அதே அலுவலகத்தில் தனியாக ஒரு மனு கொடுங்கள். ஊசி போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை அளவை உடனே பார்த்துவிடுங்கள்.